நிறுத்த இடமில்லாத தெரு

எங்கள் தெருவில் வேகத்தடை போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது முதலில் கத்தியது நான்தான். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் வீட்டு வாசலிலேயே மேடு கட்டுவதா? மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லோரும் எங்கள் தெருவுக்குள் புகுந்து பறந்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். முனையில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் என் கோபம் நியாயம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்.

நகராட்சி ஆட்கள் அது போகட்டும் என்று காத்திருக்கவில்லை. ஒரே வாரத்தில் தெரு அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. இருவழியாக இருந்தது ஒருவழியானது. வரிசையாக வேகத்தடைகள் வந்தன. எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக, நடந்து தாண்டுகிறவர்களுக்கென்று தரையை உயர்த்தி வெள்ளைக் கோடு போட்டார்கள். வண்டி நிறுத்தக்கூடாது என்று இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு இழுத்து, அதை மீறி எவனாவது நிறுத்திவிடுவானோ என்று சிமென்ட் தொட்டிகளை வைத்துச் செடியும் நட்டுவிட்டார்கள். வாசலில் நின்றுகொண்டிருந்த என் பயிற்சிக் கார், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்க்கிங் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது.

"சொந்தக் காரைப் பாக்கப் பஸ்ல போற ஒரே டிரைவிங் டீச்சர் நீங்கதான் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். தம்பி தன் பங்குப் பேச்சையும் அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டதால், அந்த வீட்டில் இரண்டு ஆள் பேச்சு அவள் ஒருத்தியிடம் உண்டு. எனக்கு ஒருமுறை கல்யாணம் நடந்தது, அது நெடுநாள் நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள்கூட இப்போது கிண்டல் செய்வதில்லை. அவ்வளவு பழைய கதை.

பயிற்சிக் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பக்கம் ஒன்று, பக்கத்து இருக்கையில் என் காலடியில் ஒன்று. இத்தனை வருடத் தொழிலில் என் கால் கெட்டுப்போய்விட்டது. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிப்பேன். சாப்பிடும்போது தம்பி வேகமாகக் கையை நீட்டினால் மேஜைக்கு அடியில் மிதிப்பேன். அப்படிப்பட்ட காலை நம்பித்தான் இந்த ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

தையல்காரரும் அப்படித்தான் என்னிடம் வந்தார். மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். கழுத்தில் அளவு நாடாவோடுதான் வகுப்புக்கு வருவார். கழற்ற மறந்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். முதல் நாள் அவர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஓடவில்லை, தைத்தது. ஒரு மிதி, ஒரு நிறுத்தம். ஒரு மிதி, ஒரு நிறுத்தம்.

"சார், இது தையல் மெஷின் இல்ல. காலை அப்படியே வச்சிருங்க."

"தெரியுது டீச்சர். எனக்குத் தெரியுது, காலுக்குத்தான் தெரியல."

இந்த வயதில் அவருக்கு எதற்குக் கார்? அவருடைய ஒரே மகள் மலைமேல் ஒரு ஊரில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். மூன்று வயதில் ஒரு குழந்தை. மகளுக்கு வேலை தொடங்குவது விடிகாலையில், அங்கே முதல் பஸ் வருவது அதற்கப்புறம். மகளை ஆஸ்பத்திரியில் விட, குழந்தையைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போக, கூட்டி வர வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். "அப்பா, நீ லைசென்ஸ் எடுத்துக்கிட்டு இங்கயே வந்துடு, தையல் எங்க இருந்தாலும் தைக்கலாம்" என்று மகள் சொல்லியிருந்தாள். அவர் லைசென்ஸ் வாங்கினால் ஊரைவிட்டுப் போய்விடுவார் என்பது எனக்கு முதல் வகுப்பிலேயே தெரியும். தெரிந்துதான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். அப்போது அது எனக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

அப்புறம் தகவலாக இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரைப் பிடித்துப்போனது. காரணம் கேட்டால் அந்த வேகத்தடைகள் என்றுதான் சொல்வேன். மெயின் ரோட்டில் அவர் வாயே திறக்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொண்டு போகப் போவதுபோல் பிடித்திருப்பார். எங்கள் தெருவுக்குள் திரும்பி முதல் மேட்டை நெருங்கியதும் தோள் இறங்கும், பேச்சு வரும். ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மேட்டில் பேத்தியைப் பற்றி, அடுத்த மேட்டில் பொத்தான் சரியில்லை என்று சண்டைக்கு வந்த மணமகனைப் பற்றி, அதற்கடுத்ததில் மனைவி இருந்தபோது வீட்டில் ரேடியோ ஓயாது என்பதைப் பற்றி. தெரு முடிந்ததும் பேச்சு பாதியில் நிற்கும். மீதியைக் கேட்க வேண்டுமென்றால் நான்கு தெருவையும் சுற்றிக்கொண்டு மறுபடி முனைக்கு வர வேண்டும். நான் சுற்றவைத்தேன். வேகத்தடைப் பயிற்சி முக்கியம் என்று சொல்லிச் சொல்லிச் சுற்றவைத்தேன்.

"நகராட்சிக்கு மனு போடப் போறேன்னு குதிச்சீங்களே அண்ணி, போட்டாச்சா?" என்று தம்பி மனைவி கேட்டாள். ஜன்னல் வழியாக எங்கள் கார் ஊர்ந்து ஊர்ந்து போவதை அவள் எத்தனை முறை பார்த்தாளோ தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

டெஸ்ட் நாள் வந்தது. டெஸ்ட்டுக்கு என் காரைத்தான் கொடுப்பேன். நான் இறங்கிக்கொள்ள, என் இருக்கையில் பரீட்சை அதிகாரி உட்காருவார். அந்த அதிகாரி வம்புதும்பு இல்லாத மனுஷர். மூக்குக் கண்ணாடி நுனிமூக்கில் நிற்கும், மடியில் அட்டை, கையில் பேனா. தையல்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் மைதானத்து ஓரத்தில் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கார் திரும்பி வந்தது. அதிகாரி இறங்கினார். கண்ணாடி மூக்கில் இல்லை, கையில் இருந்தது. ஒரு கையால் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏம்மா, உங்க ஸ்டூடண்டுக்கு ஸ்பீட் பிரேக்கர்ல பிரேக் போடணும்னு யாரும் சொல்லித்தரலையா? பறந்தோம்மா! கூரை இல்லன்னா நான் இந்நேரம் அடுத்த தெருவுல இருப்பேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மாணவரையா சொல்கிறீர்கள்? எங்கள் தெரு மேடுகளில் என் கண் முன்னால் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறார், கோப்பையில் தண்ணீர் வைத்திருந்தால்கூடத் தளும்பியிருக்காது என்று சண்டை போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நீங்கள் அட்டையைப் பிடித்திருந்த லட்சணம் அப்படி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதிகாரி பாவம், அட்டையில் ஃபெயில் என்று எழுதிவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். தையல்காரர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வகுப்பு. எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். முதல் மேடு வந்தது, அவர் காலை எடுத்தார், வண்டி மெதுவானது, நோகாமல் ஏறி இறங்கியது. பார்த்தீர்களா, சரியாகத்தானே செய்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயெடுத்தபோது ஏனோ கீழே பார்த்தேன்.

என் கால் பிரேக்கின்மேல் இருந்தது. சும்மா இல்லை, அழுத்திக்கொண்டிருந்தது. பூப்போல, சத்தமில்லாமல். நான் சொல்லாமலேயே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"அதுதான் டீச்சர் எனக்குப் புரியல" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே. "இங்க கால எடுத்தா வண்டி அடங்குது. மெஷின்லயும் அப்படித்தான், கால எடுத்தா ஊசி நின்னுடும். நேத்து கால எடுத்தேன், அடங்கவே மாட்டேங்குது. அந்த சார் பக்கத்துல உக்காந்தா மட்டும் ஏன் அப்படி?"

சிக்னலில் நிற்க அவர் பிரேக்கை ஒழுங்காகத்தான் மிதிப்பார். நிற்பதற்குத்தான் பிரேக், மெதுவாவதற்குக் காலை எடுத்தாலே போதும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். தையல்காரரின் கால் அப்படி நினைத்தது. என் கால் அதை உண்மையாக்கிக் காட்டியது. இரண்டு பேரும் சேர்ந்து இல்லாத ஒரு பாடத்தைப் படித்திருக்கிறோம்.

தொழில் பழக்கம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. காலையில்தான் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இதே தெருவில் வகுப்பு எடுத்திருந்தேன். அவள் மேட்டில் ஏறும்போது என் கால் காவலுக்கு நின்றதே தவிர மிதிக்கவில்லை. மிதித்தது இவருக்கு மட்டும்தான். இந்தத் தெரு சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று நான் மனதுக்குள் நினைத்ததை அது செய்து காட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்க டீச்சர்" என்றார் அவர். "எனக்கு இது வராது போல. பொண்ணுகிட்டச் சொல்லிடுறேன், என்னை நம்பி உக்காராம வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி. அவளும் எத்தனை நாள்தான் காத்திருப்பா."

கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருந்தது. நான் எதுவும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் இங்கேயே இருப்பார். கடை இருக்கும், அளவு நாடா இருக்கும், வகுப்பு இல்லாவிட்டாலும் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் பார்க்கலாம். சட்டையில் பொத்தான் வைக்கக் கொடுக்கலாம். என் வீட்டுப் பொத்தான்களெல்லாம் ஒவ்வொன்றாக அறுந்து விழும்படி பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த மேடு வந்தது. என் கால் மிதித்தது. வண்டி அடங்கியது. அவருக்குப் பேச்சு வந்தது.

"ஒரே ஒரு குறைதான். அந்தக் குழந்தைக்கு நான் தைக்கிற எதுவுமே சேர மாட்டேங்குது டீச்சர். பொண்ணு போன்லதான் அளவு சொல்றா. நான் தைச்சு அனுப்பி, அது போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை வளந்துடுது. கை ஏறல, கழுத்து ஏறலன்னு போட்டோ அனுப்புவா. ஊர்ல இருக்கிற அத்தனை குழந்தைக்கும் யூனிஃபார்ம் தைக்கிறேன். எம் பேத்தியை ஒரு தடவை முன்னால நிக்க வச்சு நானே அளவு எடுக்கணும். அது ஒண்ணுதான்."

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். எங்கே நிறுத்துவது? இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, தொட்டி, செடி. பின்னால் வண்டி வேறு வந்துகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டேதான் சொல்ல வேண்டும். நான் செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சார், இத்தனை நாளா பிரேக் போட்டது நீங்க இல்ல. நான்."

அவர் திரும்பி என்னையே பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க! மேடு வருது! கால எடுத்தா போதாது, மிதிங்க!"

மிதித்தார். மிதித்த மிதியில் நான் சம்மணத்தோடு முன்னால் சரிந்தேன், பின்னால் வந்தவன் ஹாரனிலேயே திட்டினான். ஆனால் பறக்கவில்லை. அடுத்த மேட்டில் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்ததில் இன்னும் பரவாயில்லை. தெரு முடிகிற இடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் டீச்சர் போட்டீங்க?"

"பழக்கதோஷம்" என்றேன். அவர் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு எல்லா வகுப்பிலும் சம்மணம்தான். கால் மரத்துப்போகும், எறும்பு ஊரும். அவர் ஒவ்வொரு நாளும் நன்றாக ஓட்டினார், ஒவ்வொரு நாளும் நான் அடுத்த டெஸ்ட்டுக்கு மீதியிருந்த நாட்களை எண்ணினேன். அடுத்த டெஸ்ட்டில் அதே அதிகாரி கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனாராம், தேவைப்படவில்லையாம். பாஸ். தையல்காரர் கார் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார், அப்புறம் என்ன செய்கிறோம் என்று புரிந்ததும் கையை விட்டுவிட்டார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

கடையைத் தன்னிடம் வேலை பார்த்தவரிடமே விட்டுவிட்டார். பழைய கார் ஒன்று வாங்கினார். கிளம்புகிற அன்று காலையில் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

அன்று விடிந்ததிலிருந்து தம்பி மனைவி என்னை விடவில்லை. "அண்ணி, இன்னிக்காவது வாயத் திறங்க. ஊருக்கெல்லாம் ஹாரன் அடிக்கக் கத்துத்தர்றீங்க, உங்க ஹாரன் எங்க போச்சு?" நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

முனையில் அவர் கார் திரும்பியது. சாம்பல் நிறம், பின் இருக்கை முழுக்க மூட்டை, மேலே தையல் மெஷின். மேடுகளில் ஒவ்வொன்றாக மெதுவாக ஏறி இறங்கி வந்தார், அழகாக. எங்கள் வாசலுக்கு நேரே உயர்த்திய தரையில் ஏறும்போது ஜன்னலை இறக்கினார்.

"டீச்சர், நிறுத்த இடமே இல்லையே!"

"மைதானத்துல விட்டுட்டு நடந்து வாங்க!"

"பாத்துட்டுத்தான் வர்றேன், சந்தை நாளு, நிறைஞ்சு கிடக்கு. ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்!"

போய்விட்டார். நான்கு தெருவையும் சுற்றிக்கொண்டு மறுபடி முனையில் தெரிந்தார். இந்த முறை ஒரு கையில் துணிப்பை. மேட்டில் ஏறும்போது ஜன்னல் வழியாக நீட்டினார், நான் கூடவே நடந்து வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்குத்தான். அளவு எடுக்காமத்தான் தைச்சேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா?

"முனையில இண்டிகேட்டர் போடாமத் திரும்புனீங்க."

"அடடா, ஆமா டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே போனார். படியில் நின்ற தம்பி மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை வந்தபோது மேட்டின்மேல் வண்டியை நிறுத்தியே விட்டார். பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் இரண்டு கார். மூன்றும் சேர்ந்து ஹாரன் அடித்தன. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"டீச்சர், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

ஹாரன் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். கழுத்தில் அன்றும் அளவு நாடா.

"மலை ஏறும்போது ரெண்டாவது கியர்லயே போங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சரி டீச்சர்."

அவர் போனபிறகு பையைப் பிரித்தேன். நீலத்தில் ஒரு மேல்சட்டை. வாசலிலேயே, உடுத்தியிருந்த உடைக்கு மேலேயே போட்டுப் பார்த்தேன். தோள் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது. எனக்கு இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது என் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்த இறக்கத்துக்கும் சேர்த்து வெட்டியிருந்தார். நாடாவே வைக்காமல் இவ்வளவும் எடுத்திருக்கிறார் என்றால், ரோட்டைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி நான் கத்திய நேரமெல்லாம் அந்த மனுஷர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

ஓடிப்போய் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் நின்றேன். அடுத்த சுற்று வரட்டும். யார் ஹாரன் அடித்தால் எனக்கென்ன? நானும் வரட்டுமா என்று கேட்டுவிடுவேன். மலையிலும் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் இருப்பார்கள்தானே.

முனையில் ஒரு கார் திரும்பியது. அவர் இல்லை. கோட்டின் ஓரத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் அந்தக் கார் மரியாதையாக நின்றது, தாண்டுங்கள் என்று உள்ளிருந்து கை காட்டினார்கள். நான் தாண்டலைங்க, நீங்க போங்க என்று கை காட்டினேன். அடுத்த காரும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. நகராட்சி கட்டிய மேடு நன்றாகத்தான் வேலை செய்தது, அந்தத் தெருவில் வந்த ஒவ்வொருவரும் எனக்காக நின்றுவிட்டுப் போனார்கள். சாம்பல் நிறக் கார் மட்டும் வரவில்லை.

தம்பி மனைவி என் போனைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை. அவர் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்க மாட்டார். ஓட்டும்போது என்ன ஆனாலும் போனைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மலையேறி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். போனதும் கூப்பிடுவார், எதற்கு டீச்சர் கூப்பிட்டீர்கள் என்று கேட்பார். அதுவரைக்கும் எனக்கு இந்தத் தைரியம் இருக்க வேண்டும்.